சத்தம் குறைத்துப் பார்த்த படம்

வானத்தைப் பார்த்து எழுதுவது என் உத்தியோகம். வானிலை அவதானிப்பாளராக இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெளியே போய் நிற்க வேண்டும். வானத்தை மனதுக்குள் எட்டுப் பங்காகப் பிரித்து, அதில் எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது, என்ன வகை மேகம், அதன் அடி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதையெல்லாம் குறித்து அனுப்ப வேண்டும். நாங்கள் அனுப்புவது மீனவருக்குப் போகும், வானொலிக்குப் போகும், விமானங்களுக்கும் போகும். ஆனால் நான் ஒரு விமானத்துக்குள் கால் வைத்ததில்லை.

வீட்டில் நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் இந்த வேலையிலிருந்து தொற்றியதுதான். 2004 வரைக்கும் எழுதிய பதினேழு கொப்பிகளை, மட்டக்களப்புக் கடலோரம், டச்பாரில் இருந்த எங்கள் வீட்டோடு சேர்த்துக் கடல் கொண்டுபோனது. அன்று காலை நான் அலுவலகத்தில் எழுதிய குறிப்பு மட்டும் மிஞ்சியது. மேகம் எட்டில் இரண்டு பங்கு, காற்று மெல்லியது, பார்வைத் தூரம் நன்று. அதில் பிழை எதுவும் இல்லை. வானத்தில் அன்று ஒன்றும் நடக்கவில்லை.

நாங்கள் பறங்கியர், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன வழி. முந்தின இரவு நத்தார், கிறிஸ்து பிறந்த நாள். வயலின் வாசித்து, ஆடிக் களைத்து நேரம் பிந்திப் படுத்த தெருவைத்தான் அலை வந்து எழுப்பியது. என் மனைவி பக்கத்து வீட்டு மேல்தட்டில் ஏறித் தப்பினாள். அவள் பறங்கி இல்லை. கதிரவெளியில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. என்னைக் கட்டியதற்காக நான்கு வருடம் வீட்டாரின் முகத்தைப் பார்க்காமல் இருந்தவள். முதலில் வந்து அவளோடு பேசியது தங்கைதான். அந்தத் தங்கை கதிரவெளிக் கடற்கரையில் இருந்தாள். அவள் தப்பவில்லை.

தங்கைக்கு ஐந்து வயதில் ஒரு மகள். அன்று அவள் மாமியோடு, அதாவது தகப்பனின் அக்காவோடு, கடலிலிருந்து உள்ளே தள்ளி, காட்டோரச் சேனைப் பயிருக்குப் போயிருந்ததால் உயிரோடு இருந்தாள். தகப்பன், பிள்ளைக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே சுவிஸுக்குப் போனவர். அகதி வழக்கு முடியாததால் மனைவியின் சாவுக்கும் வர முடியவில்லை. பிள்ளையை மாமி வளர்த்தா.

2006 கடைசியில் சண்டை, கதிரவெளி இருக்கிற வாகரைப் பக்கம் வந்தது. மாமியும் அவவின் மூன்று பிள்ளைகளும் இந்தப் பிள்ளையும் பங்கர்க் குழியிலேயே பல கிழமை இருந்திருக்கிறார்கள். ஷெல் ஒரு பக்கம், குண்டு போடுகிற கிபிர் விமானம் ஒரு பக்கம். அடுத்த வருடத் தொடக்கத்தில் சனம் நடந்து வெளியே வந்தது. செங்கலடிப் பக்கத்து முகாம் ஒன்றில் அவர்களைக் கண்டுபிடித்தேன். கூரையாகக் கட்டிய ஒரு தறப்பாளுக்குக் கீழே ஐந்து பேர். மாமி என்னைக் கண்டதும் வேறு எதுவும் பேசவில்லை. “இவளக் கொண்டுபோங்க, இஞ்ச இரிந்தா இவள் திங்கவும் மாட்டாள், உறங்கவும் மாட்டாள்” என்றா. முகாமுக்கு மேலால் ஹெலிகொப்டர் அடிக்கடி போய்வந்துகொண்டிருந்தது. பிள்ளை ஒரு நீலப் பீப்பாவுக்குள் குந்தியிருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடலிலிருந்து தள்ளி, திராய்மடுவில் எங்களுக்குக் கொடுத்த சின்ன வீட்டில் அவளுக்கென்று ஒரு கட்டில் போட்டோம். அவள் கட்டிலில் படுத்தாள்; ஆனால் பாதி நேரம் அதற்குக் கீழேதான் இருந்தாள். வாவிக்கு அப்பால் இருக்கிற ஓடுபாதையிலிருந்து எது எழும்பினாலும் எனக்கு முன்னால் அவளுக்குக் கேட்கும். நான் அண்ணாந்து பார்த்துத் தேடிக்கொண்டிருப்பேன். அவள் மேசைக்குக் கீழே இருந்தபடியே எது, எந்தத் திசை, கிட்ட வருகிறதா தூரப் போகிறதா என்று சொல்லிவிடுவாள். ஒரு மாதம் அவள் சொன்னதைக் குறித்து வைத்துச் சரிபார்த்தேன். மூன்று தடவைதான் பிழை விட்டாள். “உங்கட வேலைய இவளுக்குக் குடுத்திட்டு நீங்க வீட்டில இரிங்க” என்றாள் மனைவி.

2009இல் வடக்கில் போர் முடிந்தது. அதற்கு இரண்டு மாதத்தில் சுவிஸிலிருந்து கடதாசி வந்தது. தகப்பனின் வழக்கு முடிந்து, மகளை அழைக்க அனுமதி கிடைத்திருந்தது. விசா எடுத்தால் மூன்று மாதத்துக்குள் பயணம் செய்ய வேண்டும். தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினாலும் இரண்டாம் தடவை கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவர் இதை என்னிடம் மூன்று தடவை திருப்பித் திருப்பிச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் குரல் உடைந்தது. மகளின் இப்போதைய முகம் அவருக்குப் படத்தில்தான் தெரியும்.

பிள்ளையிடம் சொன்னோம். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“அப்பாட்டப் போறன். ஆனா பிளேன்ல ஏற மாட்டன்.”

“அப்ப கப்பல்லயா போகப்போறாய்?” என்றாள் மனைவி.

“கடலாலயும் ஏலா.”

“மறுகா என்ன, நடந்துதான் போகணும். ரெண்டு சோடிச் செருப்பு வாங்கித் தாறன்.”

பிள்ளை சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, நடந்தால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். நடுவில் கடல் இருக்கிறது என்றேன். அவள் எழும்பிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு விமானம் என்ற சொல்லை எடுத்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கட்டாயப்படுத்தி ஏற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். கதவு மூடிய பிறகு, அந்த இரைச்சலுக்கு நடுவில், ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை தனியாக, ஒளிந்துகொள்ள ஓர் இடமில்லாமல். விசா எடுப்பதற்கான பதில் கடிதத்தை நான்கு நாள் மேசை லாச்சிக்குள் வைத்திருந்து அனுப்பினேன். வேலை கூடிப்போச்சு என்று மனைவிக்குச் சொன்னேன். அந்தக் கிழமையில் வேலை ஒன்றும் கூடவில்லை.

அந்த லாச்சிக்குள்தான் சீடி இருந்தது. கடல் வந்துபோன பிறகு வெளிநாடுகளிலிருந்து வந்த உதவிப் பெட்டிகளில் எங்களுக்குக் கிடைத்த ஒன்றில் கம்பளிக் கையுறை ஐந்து சோடி, பாதி எரிந்த மெழுகுதிரிகள், ஒரு படச் சீடி என்பன இருந்தன. சீடியின் உறையில் மஞ்சள் விமானம் ஒன்றின் படம். அப்போது எங்களிடம் டிவியும் இல்லை, சீடி போடுகிற டெக்கும் இல்லை. இப்போது இரண்டும் இருந்தன.

படம் கார்ட்டூன். எந்த நாட்டு மொழி என்று இன்றும் எனக்குத் தெரியாது, ஆங்கிலம் இல்லை. கதை விளங்குவதற்கு மொழி தேவைப்படவுமில்லை. மலைக்கு மேலே ஓர் ஊர். மண் சரிந்து அந்த ஊருக்கான ஒரே பாதை மூடிப்போகிறது. கீழே பள்ளத்தாக்கில் குட்டையான, பருத்த, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண். அவளிடம் பழைய மஞ்சள் விமானம் ஒன்று இருக்கிறது. மேலொன்றும் கீழொன்றுமாக இரட்டைச் சிறகு. சிறகில் ஒட்டுப் போட்ட துணி. பின் இருக்கையில் ஓர் ஆடு. அந்தப் பெண் மலையூருக்குக் கடிதமும் மருந்தும் மாவும் கொண்டுபோகிறாள். ஒரு தடவை ஆர்மோனியம் கூட. வழி காட்டுகிற வரைபடத்தை ஆடு தின்றுவிடுகிறது. கடைசியில் ஒரு நோயாளிப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு இடிமேகத்தின் ஊடாகக் கீழே இறங்க வேண்டியிருக்கிறது.

காட்டலாமா என்று சோதிக்க முதலில் நான் தனியாகப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் சோதனையை மறந்துவிட்டேன். அந்தப் படத்தில் மேகம் சரியாக இருந்தது. காலையில் பஞ்சுபோலச் சின்னச் சின்னதாக, அடிப்பக்கம் எல்லாம் ஒரே மட்டத்தில் தட்டையாக. மத்தியானத்துக்குள் அவை மேலே மேலே குவிந்து, பின்னேரம் ஒன்றின் தலை கொல்லனின் பட்டடைக்கல் போல விரிந்து நின்றது. மழை வருவதற்கு முன்னால் காற்று திசை மாறிப் புல்லை மறுபக்கம் சாய்த்தது. இத்தனை வருடம் நான் கீழேயிருந்து பார்த்து எழுதியதை அந்தப் பெண் மேலேயிருந்து, பக்கத்திலிருந்து, சில இடங்களில் அதன் உள்ளேயிருந்து பார்த்தாள். மேகத்துக்குள் நுழையும்போது அவளுடைய கண்ணாடியில் முதலில் ஒரு மூட்டம், பிறகு சின்னத் துளிகள், பிறகு அவை பின்பக்கமாக ஓடுகின்றன. யாரோ அதைப் பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும். கொப்பியில் மூன்று பக்கம் எழுதினேன். “படம் பாக்கச் சொன்னா மேகத்தப் பாக்கிற மனிசன்” என்றாள் மனைவி.

பிள்ளைக்குக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். அவளுடைய பயம் காதால் வருகிறது என்பது என் கணக்கு. ஆகவே சத்தத்தை முழுதாக அமர்த்திவிட்டுப் படத்தைப் போட்டேன். இது விமானப் படம் என்று சொல்லவில்லை. ஆட்டுப் படம் என்றேன்.

ஆட்டைப் பார்த்து அவள் சிரித்தாள். வரைபடத்தைத் தின்கிற இடத்தில் திரும்பவும் போடச் சொன்னாள். விமானம் எழும்புகிற இடத்தில் தான் உட்கார்ந்திருந்த கதிரையின் கையைப் பிடித்தாள், எழும்பிப் போகவில்லை. சத்தம் இல்லாமல் பார்க்க அது வானத்தில் போகிற ஒரு தோணியைப் போலத்தான் இருந்தது. முடிந்ததும், நாளைக்கும் பார்க்கலாமா என்று கேட்டாள்.

இப்படித்தான் அந்தப் படம் எங்கள் வீட்டில் பின்னேர வழக்கமானது. பள்ளிவிட்டு வந்து, தேத்தண்ணி குடித்து, அரைமணி நேரம். மொழியும் இல்லை, சத்தமும் இல்லை என்பதால் நாங்களே பேசிக்கொண்டோம். விமானம் ஓட்டுகிற பெண்ணின் வாய் எந்நேரமும் அசைந்துகொண்டிருக்கும். அவள் வெற்றிலை போடுகிறாள் என்று மனைவி சொன்னாள். கதிரவெளியில் தோணி தள்ளுகிற பெண்களும் இப்படித்தானாம். வாயில் வெற்றிலை இல்லாவிட்டால் கை ஓடாதாம். மூவரும் அதை நம்பினோம். அவள் எப்போது துப்புவாள், துப்பினால் பின்னால் இருக்கிற ஆட்டின் முகத்தில் படாதா என்பது எங்கள் வீட்டில் ஒரு நீண்ட வழக்கு.

படத்தின் நடுவில் சின்னதாக ஓர் இடம். விமானத்தின் நிழல் வயலுக்கு மேலால் ஓடி, ஒரு வீட்டு வளவைக் கடக்கிறது. அங்கே ஓர் இளம்பெண் துணி காயப்போடுகிறாள். நிழல் அவள் மேல் விழுந்து போகிறது. அவள் நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டுகிறாள். மேலேயிருப்பவளும் கை ஆட்டுகிறாள். பத்து விநாடிகூட இல்லை. நான் அதைக் கவனித்ததே இல்லை. பிள்ளை ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவாள். ஏழாவதோ எட்டாவதோ தடவை கேட்டாள்.

“அந்த அக்கா ஏன் ஓடாம நிக்கிறா?”

ஓடத் தேவையில்லை, அது கடிதம் கொண்டுபோகிற விமானம்தானே என்றேன்.

“அது கடிதம் எண்டு அவவுக்குக் கீழயிருந்து எப்பிடித் தெரியும்?”

படம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டாள்.

“மேல இருக்கிற ஆளுக்கு அந்த அக்காவத் தெரியுதுதானே?”

“ஓம். கை காட்டுறாதானே.”

“அப்ப எங்களையும் தெரிஞ்சிரிக்கும்.”

மனைவி என்னைப் பார்த்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து, அவ்வளவு வேகத்தில், மனிதரைத் தெரிய வாய்ப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை நான் அளந்து பார்த்தவன் இல்லை. “எனக்குத் தெரியா, புள்ள” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அதுவரை விமானத்துக்குள் ஓர் ஆள் இருக்கிறார் என்பதையே அவள் நினைத்திருக்கவில்லை என்று பிறகு மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அது தானாக வருகிறது, மழையைப் போல, என்று இருந்திருக்கிறாள். விமானத்தை அவளுக்குச் சிநேகமாக்க நினைத்து, அதற்குள் ஓர் ஆளை நான் இருத்திவிட்டேன்.

அன்று நான் 2006ஆம் வருடக் கொப்பியை எடுத்தேன். கதிரவெளிப் பக்கம் விமானம் வந்ததென்று பிள்ளை சொன்ன நாட்களின் திகதியை மாமியிடம் முன்பே கேட்டுக் குறித்து வைத்திருந்தேன். அதில் ஒரு நாளுக்கான பக்கம்: மேகம் எட்டில் ஒரு பங்கு, பார்வைத் தூரம் மிக நன்று, மிளகாய் காயப்போட உகந்த வெயில். மிளகாயை விட்டு மற்றதை நான் என் கையால் எழுதி அனுப்பியிருக்கிறேன். யார் எதற்கு வாசித்தார்கள் என்று தெரியாது. வழக்கமாக எல்லோருக்கும் போகிற குறிப்புத்தான். நான் எழுதாவிட்டாலும் வானம் அன்று தெளிவாகவே இருந்திருக்கும். இதையெல்லாம் எனக்கு நானே ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தேன். கொப்பியை மூடி வைத்தேன். அன்றைய பக்கத்தில் படம் பார்த்ததை மட்டும் எழுதினேன்.

அவள் படத்தை விடவில்லை. விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாளும் வந்து இருந்தாள். இப்போது அவள் பார்த்தது ஆட்டை இல்லை, அந்தப் பெண்ணின் முகத்தை. மருந்துப் பெட்டியை இறக்குகிற இடத்தில், ஊர்ச் சனம் ஓடிவந்து சூழ்கிற இடத்தில், டிவிக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தாள்.

விசா வந்தது. பயணத்துக்கு ஏழு கிழமை இருந்தது. அந்தச் சனிக்கிழமை நான் வேலையில். வீட்டில் படம் ஓடியிருக்கிறது. மனைவி தூசி துடைக்கையில் ரிமோட்டின் பொத்தான் அமர்ந்து, அடைத்திருந்த சத்தம் திறந்துகொண்டது. சத்த அளவு இருபத்தெட்டில். விமானம் எழும்புகிற இடம். நான் பின்னேரம் வரும்போது பிள்ளை கட்டிலின் கீழே சுவரோடு ஒட்டியிருந்தாள். இரண்டு மணித்தியாலமாக அப்படியே. காற்சட்டை நனைந்திருந்தது.

அவளைக் கழுவி, உடுப்பு மாற்றிப் படுக்க வைத்த பிறகு மனைவி குசினியில் என்னிடம் சொன்னாள்.

“வேணுமெண்டு அமத்தேல்ல. ஆனா சத்தம் வந்த மறுகா உடன குறைக்கேல்ல. கொஞ்ச நேரம் ரிமோட்டக் கையில வெச்சிட்டு நிண்டுட்டன்.”

கையிலிருந்த ஈரக் காற்சட்டையை வாளிக்குள் போட்டாள்.

“இவள் போகாட்டி இஞ்சதானே இரிப்பாள் எண்டு மனசில வந்திட்டு.”

நான்கு நாள் லாச்சிக்குள் கிடந்த கடிதத்தைப் பற்றி அப்போது நானும் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு, பிட்டு ஆறப்போகிறது, சாப்பிட வாங்க என்றாள்.

படம் இனி வேண்டாம் என்று சீடியை எடுத்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பிள்ளை அதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். ரிமோட்டையும் எடுத்தாள்.

“பெரியப்பா, சத்தத்த ஒண்டில வைக்க ஏலுமா?”

ஒன்றில் வைத்தால் எதுவும் கேட்காது. அதுதான் தனக்கு வேண்டும் என்றாள். ரிமோட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். அன்று தொட்டு என் கொப்பியில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் இருக்கிறது. ஒன்று, ஒன்று, இரண்டு. மூன்றில் நாலு நாள். நாலுக்குப் போய் மறுபடி இரண்டு. அன்று வாவிக்கு மேலால் ஹெலி போனது. கூட்டு என்றோ குறை என்றோ நானும் மனைவியும் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்வதில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொள்ளவும் இல்லை.

ஏழில் ஒரு கிழமை நின்றாள். ஏழில் இயந்திரத்தின் சத்தம் தூரத்துப் படகு மோட்டரைப் போல இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் கேட்டது. பிள்ளைக்குத்தான் முதலில் பிடிபட்டது. எழும்பிப் போய் டிவியில் காதை வைத்தாள். ஒன்பதுக்குக் கூட்டினாள். எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“வெத்தில போடேல்ல. பாடுறா.”

உண்மைதான். அந்தப் பெண் படம் முழுக்கப் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆட்டுக்கு. குரலும் நல்ல குரல் இல்லை. இழுத்து இழுத்து, இடையில் சொல்லை மறந்து, மறுபடி தொடங்கி. இரண்டு மாதமாக எங்களுக்கு அது தெரியாமல் போயிருந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஆட்டுக்குப் பாடுறதுக்கு வெத்தில போட்டிருக்கலாம்” என்றாள்.

பாட்டு, இயந்திரத்தின் சத்தத்துக்கு அடியில் கிடந்தது. அதைக் கேட்க வேண்டுமானால் இயந்திரத்தையும் கூட்டித்தான் ஆக வேண்டும். அவள் கூட்டினாள். பதினொன்று, பன்னிரண்டு. கூட்டும்போது மற்றக் கை கதிரைக்காலைப் பிடித்திருக்கும். பதினைந்தில் இடிமேகக் காட்சி வந்தது. காற்றும் இடியும் இயந்திரமும் சேர்ந்து அறை முழுக்க நிரம்பியது. அவள் முகம் வெளிறிப்போனது. குறைப்பாள் என்று நினைத்தேன். அவள் குறைக்கவில்லை. அந்தப் பெண் இன்னும் பாடுகிறாளா என்று தேடிக்கொண்டிருந்தாள். பாடினாள், பின்னால் ஆட்டின் மடியில் நோயாளிப் பிள்ளை. மேகத்துக்குக் கீழே வந்து பள்ளத்தாக்கு தெரிந்தபோது பிள்ளை பெரிய மூச்சு ஒன்று விட்டாள். கொப்பியில் பதினைந்து என்று எழுதி, அதற்குக் கீழே கோடு போட்டேன்.

அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எனக்கு அது மேகம். மனைவிக்குக் கடைசிவரை ஆடுதான். பிள்ளைக்கு என்ன என்று நான் ஒன்றைச் சொல்லலாம். ஆனால் அவளிடம் கேட்டுச் சரிபார்க்காததை எழுத எனக்குப் பழக்கமில்லை. பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தகப்பனின் ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் அவளே பேசினாள். “அப்பா, நான் வாறன். பிளேன்லதான் வாறன்” என்றாள். மறுபக்கத்தில் அவர் அதைத் திரும்பவும் சொல்லச் சொன்னார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். கொழும்புப் பாதையில் அப்போதும் சோதனைச்சாவடிகள் இருந்தன; ஆறு இடத்தில் இறங்கி ஏறினோம். தனியாகப் பயணம் செய்கிற பிள்ளைகளைக் கூட்டிப்போக விமான நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பிள்ளையின் கழுத்தில் கடதாசிகள் வைத்த பையொன்றை மாட்டினாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகுதான் விமானம் எழும்பும் என்றார்கள். அங்கிருந்தே இரைச்சல் கேட்டது. படத்தின் எந்த எண்ணுக்கும் அடங்காத இரைச்சல். பிள்ளையின் உள்ளங்கை என் கைக்குள் ஈரமாக இருந்தது. அவள் பயம் போய்விட்டது என்று நான் எழுதினால் அது பிழை. பயத்தோடுதான் நின்றாள்.

மனைவி அவளுடைய தலைமயிரை மூன்றாம் தடவையும் பின்னிவிட்டாள். நேரமாகிறது என்று அந்தப் பெண் சொன்னாள். பிள்ளை இரண்டு அடி போய்த் திரும்பி வந்தாள். என் சேட்டின் முனையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் குனிந்தேன்.

“பெரியப்பா, நான் போற பிளேன் மேல வரக்குள்ள நீங்களும் பெரியம்மாவும் வெளியில நிக்க வேணா. உள்ள போய் நில்லுங்க. சீமெந்துக் கூரையா எண்டு பாருங்க.”

அது பயணிகள் விமானம், அதிலிருந்து ஒன்றும் விழாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “ஓம்” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து, நான் பொய் சொல்லவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, கொஞ்சம் குனிந்தபடி, வேகமாக நடந்தாள்.

வெளியே சனம் வேலியோரம் நின்று, எழும்புகிற விமானங்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது. வானம் எட்டில் மூன்று பங்கு மேகம், நல்ல வெளிச்சம். நாங்கள் பஸ் நிறுத்துகிற கட்டிடத்துக்குள் போனோம். கூரையை அண்ணாந்து பார்த்தேன். சீமெந்துதான். முதுகைச் சுவரில் சாய்த்து நின்றோம்.

சத்தம் ஒன்று எழும்பி, கூரைக்கு மேலால் வந்து, போனது. எது அவளுடையது என்று தெரிய வழியில்லை.

“ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாறன். அவளுக்குத் தெரியவா போகுது” என்றாள் மனைவி.

“வேணா” என்றேன்.

அவள் போகவில்லை. இன்னொரு சத்தம் வந்தது, இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அவள் என் கையை இறுக்கினாள். நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, ஆறாவது விமானத்தின் சத்தமும் முழுதாகத் தேய்ந்த பிறகு, நாங்கள் வெளியே வந்து மட்டக்களப்பு பஸ்ஸைத் தேடினோம்.